நாளைக்கான மதிப்பெண்

முதல் பந்திலேயே தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் கண்ணோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய கண் பார்த்ததை உடனே உள்ளே அனுப்பிவிடுகிற கண். அந்தக் கண்ணுக்காகத்தான், கிரிக்கெட் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற இந்த அறக்கட்டளைக்காரர்கள் வருஷா வருஷம் வீட்டு வாசலுக்குக் கார் அனுப்பி, ஷாமியானா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். அட்டையில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு கட்டம், இன்று என்று ஒன்று, நாளை என்று ஒன்று. இன்றைக்கு இந்தப் பிள்ளை எப்படிப் பந்து வீசுகிறது என்பதற்கு நூற்றுக்கு எவ்வளவு, இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நூற்றுக்கு எவ்வளவு. இன்று என்கிற கட்டத்தை எந்த மடையனும் நிரப்பிவிடலாம், வேகத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது, அதுவே சொல்லிவிடும். நாளைக்குத்தான் ஆள் வேண்டும். மோனிஷா, கொரட்டூர், வலது கை வேகப்பந்து என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒல்லியான உயரமான பெண், பதினேழு வயசு இருக்கும், இறுக்கிப் பின்னிய சடையை மடித்துக் கட்டியிருந்தாள். ஓடி வந்தாள், எம்பினாள், பந்தை விட்டாள். எதிரே நின்றவள் மட்டையை இறக்குவதற்குள் பந்து தாண்டிப் போய்க் கீப்பரின் கையுறையில் அறைந்தது. ஷாமியானாவுக்குள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தணிகாசலம் பந்தைப் பார்க்கவில்லை. பந்தை விட்ட பிறகு அவள் இடது கையைப் பின்னால் கொண்டுபோய், கால்சட்டையை மேலே இழுத்துவிடுகிறவள் மாதிரி, இடுப்புக்கு மேலே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாளே, அதைப் பார்த்தார். கால்சட்டை இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வேலியோரம் நின்ற ஆளைப் பார்த்தார். இந்த வரிசை முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதலில் இடுப்பு, அப்புறம்தான் ஆள். ஆளைப் பார்த்துவிட்டு இடுப்பில் குறை தேடவில்லை. தண்ணீர் பாட்டிலும் துண்டும் கையில், சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி நின்றுகொண்டிருந்தது முனிரத்தினம். தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தாலும் அந்தக் குறுக்கல் போகவில்லை. அந்தப் பெண் ஓட்டத் தொடக்கத்துக்குத் திரும்பி நடக்கும்போது வேலிப்பக்கம் பார்க்க, அந்த ஆள் துண்டை லேசாக ஆட்டினான். பேத்தி. கருங்காலியின் பேத்தி. உண்மையிலேயே முதலில் இடுப்புத்தானா, அல்லது கொரட்டூர் என்று ஒலிபெருக்கி சொன்னபோதே உள்ளே எங்கேயோ ஒரு நாய் தலையைத் தூக்கியதா? கொரட்டூரில் லட்சம் பேர் இருக்கிறார்கள். லட்சம் பேர் இருக்கிற ஊரின் பெயரைக் கேட்டால் ஒரே ஒருவன் முகம் ஞாபகம் வருகிறது என்றால் அந்த மனசை என்னவென்று சொல்வது. இல்லை, இடுப்புத்தான் முதலில். அவள் இரண்டாவது பந்துக்கு ஓடி வந்தாள். இந்தத் தடவை முழுக்கப் பார்த்தார். முன்கால் ஊன்றுகிற நேரத்தில் இடுப்பு மட்டையாளரைப் பார்க்கிறது, தோள் பக்கவாட்டில் பார்க்கிறது. ஒரே உடம்பில் இரண்டு திசை. நடுவில் இருக்கிற முதுகெலும்பு துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்குத்தான் அவ்வளவு வேகத்தையும் கொடுக்கிறது. எது வேகத்தைக் கொடுக்கிறதோ அதுவே உடைக்கவும் போகிறது.

முன்னால் வேலை பார்த்த ஸ்பிரிங் கம்பெனியில் தணிகாசலம் நின்றது பரிசோதனைப் பிரிவில். லாரிக்குப் போடுகிற பட்டை ஸ்பிரிங்குக்கு அங்கே இரண்டு சோதனை உண்டு. ஒன்று சுமைச் சோதனை, மேலே எடையை வைத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது, அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இன்னொன்று அலுப்புச் சோதனை. ஸ்பிரிங்கை ஒரு மெஷினில் மாட்டிவிட்டால் அமுக்கும், விடும், அமுக்கும், விடும், ராவும் பகலும் லட்சக்கணக்கான தடவை, எப்போது முறிகிறது என்று பார்ப்பதற்காகவே. சுமைச் சோதனையில் சிங்கமாக நின்ற பட்டை அலுப்புச் சோதனையில் பாதி வழியில் மயிரிழை விரிசல் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடி தூவினால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் மெல்ல மேலே ஏறி, நகத்தால் கீறினது மாதிரி ஒரு சிவப்புக் கோடு போடும். அந்தக் கோடு மேலே வருவதற்கு முன்னாலேயே, மெஷின் போடுகிற சத்தம் மாறுவதை வைத்து, இது போச்சு என்று சொல்கிறவர் தணிகாசலம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவர். மீதிப் படிப்பெல்லாம் எட்டணாப் பிரசுரங்களில் படித்தது, கூலி என்றால் என்ன, லாபம் என்றால் என்ன, உலகத்தில் எது எதனால் நடக்கிறது என்று சாணித்தாளில் அச்சடித்து வந்ததையெல்லாம் மெஷின் ஓடுகிற நேரத்தில் நின்றுகொண்டே படித்து முடித்தவர். ஆனால் இந்தப் பெண்ணின் முதுகைப் படிக்க அந்தப் பிரசுரமெல்லாம் வேண்டாம், அவருடைய முதுகே போதும். கம்பெனி அவரை முதலில் எடுத்ததே பந்து வீசத்தான். கம்பெனி டீமுக்கு வேகப்பந்து வீச ஒரு பையன் வேண்டியிருந்தது. இதே இடுப்பு, இதே தோள், இதே முறுக்கு. இரண்டு சீசன் ஊரே பேசியது. மூன்றாவது சீசனில் ஒரு நாள் காலையில் குனிந்து செருப்பு மாட்டப் போனவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், அவர் அம்மா பேய் பிடித்துவிட்டதென்று நினைத்துக் கற்பூரம் ஏற்றினாள். டீமை விட்டுத் தூக்கிப் பரிசோதனைப் பிரிவில் போட்டார்கள். இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்தால் முதலில் கை எழுகிறது, அப்புறம் தலை, கடைசியில்தான் முதுகு.

"என்னமா வீசறா பாருங்க சார்" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்ரீவத்சன். மாநில அணியில் ஆடினவன், இன்னொரு தேர்வாளர், மடியில் மடிக்கணினி. "இந்த வயசில இந்த வேகம் நம்ம பக்கத்துல யாரும் போட்டதில்ல. நான் ரெண்டு கட்டத்துக்கும் தொண்ணூறு போட்டுட்டேன்." ஸ்ரீவத்சன் குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே, "வெளியில யாரோ சொன்னாங்க, தாத்தா உங்க பழைய பார்ட்டியாமே? ஸ்டிரைக்ல கம்பி நீட்டினவராமே?" என்றான். "அவன் பார்ட்டியிலயே இல்ல, சங்கத்துல இருந்தான்." "ஏதோ ஒண்ணு சார். அப்ப நீங்க எவ்வளவு போடுவீங்கன்னு நான் இப்பவே எழுதித் தரேன். நாப்பதைத் தாண்டினா இன்னிக்கு பிரியாணி என் செலவு." சொல்லிவிட்டு அவர் தொடையில் தட்டினான். விளையாட்டாகத்தான் சொன்னான். விளையாட்டாகச் சொல்கிற வார்த்தைக்குத்தான் முள் நீளம். வாழ்நாள் முழுக்க முதலாளிக்கு முன்னால், போலீசுக்கு முன்னால், லேபர் கோர்ட்டில் கோட்டுப் போட்ட வக்கீலுக்கு முன்னால், இவன் விலைக்கு வரமாட்டான் என்று பேரெடுத்தவரைப் பார்த்து, பேனாவைப் பிடித்து ஒரு நம்பர் எழுதச் சொன்னால் பழைய பகையைத்தான் எழுதுவாய் என்கிறான் பஞ்சுமெத்தையில் வளர்ந்த இந்தப் பயல். அதுவும் மைதானத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? அப்படியென்றால் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கிழவன் என்ன போடுவான் என்று. சாயங்காலம் மதிப்பெண்ணை ஒலிபெருக்கியில் படிப்பார்கள், தேர்வாளர் பெயரோடு படிப்பார்கள். அப்படிப் படிக்க வேண்டும் என்று முதல் வருஷமே சண்டை போட்டு விதியாக்கியது தணிகாசலம்தான். மூடின அறைக்குள் முடிவெடுக்கிற பழக்கம் முதலாளி பழக்கம், எங்கள் சங்கத்தில் கேட் முன்னால் கை தூக்கித்தான் எல்லாம் நடக்கும் என்று பேசி, மேஜையைத் தட்டி வாங்கின விதி.

கேட் முன்னால்தான் அதுவும் நடந்தது. ஸ்டிரைக்கின் மூன்றாவது மாசம். கஞ்சித்தொட்டியில் கஞ்சி தண்ணீராகிவிட்டது, ஆனாலும் ஆள் குறையவில்லை. யார் நிற்பான், யார் கழன்றுகொள்வான் என்று தணிகாசலம் ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக யோசிப்பார். கழன்றுகொள்வான் என்று நினைத்தவன் பெயர்களைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லி, அந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பேசச் செய்வார். முனிரத்தினம் வீட்டுக்கு யாரையும் அனுப்பவில்லை. அவன் பக்கத்து மெஷின்காரன், ஒரே டப்பாவில் சோறு தின்றவன், அவன் நிற்பான், அவனைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார். வேலைக்குத் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வலை அடித்த கம்பெனி வேன் ஒரு நாள் காலையில் கேட்டுக்குள் திரும்பினபோது, வலைக்குப் பின்னால் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை எல்லோரும் யார் யார் என்று கேட்க, அந்தத் தோள் குறுக்கலை வைத்து அடையாளம் கண்டது தணிகாசலத்தின் கண்தான். அன்றைக்குச் சாயங்காலமே வாய்ப்பூட்டுத் தீர்மானம் வந்தது. வேனில் ஏறுகிறவனோடு ஒரு சொல் கிடையாது. பீடிக்கு நெருப்புக் கிடையாது, கல்யாணத்துக்குப் போவதில்லை, எழவுக்குப் போவதில்லை, எதிரே வந்தால் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது. உயிர் இருக்கிறவரைக்கும். 'தொழிலாளியின் முதல் ஆயுதம் சேர்ந்து நிற்பது, கடைசி ஆயுதம் சேர்க்காமல் நிற்பது' என்று அந்த வாரத்துத் துண்டுப்பிரசுரத்தில் எழுதினது அவரே. எழுதின வரி நன்றாக விழுந்துவிட்டால் அதற்கு அப்புறம் அந்த வரிக்குத்தான் ஆள் அடிமை. ஸ்டிரைக் தோற்றது. முன்னால் நின்ற பதினாறு பேருக்கு வேலை போனது. காலம் போகப் போக அந்தப் பதினாறு பேரில் அவர் தவிர மற்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகப் பூட்டைத் திறந்துவிட்டார்கள், அவனும் பாவம்தானே, பெண் குழந்தைக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்ததாமே என்றார்கள், அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணம் ஆனபோது போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். தணிகாசலம் ஒருவர்தான் பூட்டைத் திறக்காதவர். முப்பது வருஷத்தில் ஒரு சொல் கிடையாது. பஸ்ஸில், ரேஷன் கடையில், செத்த வீட்டு வாசலில், எங்கே எதிர்ப்பட்டாலும் முதுகு. அதில் ஒரு பெருமை, வேறு எதுவும் கையில் மிஞ்சாதவனுக்கு அது பெரிய சொத்து. அந்தக் காய்ச்சல்காரக் குழந்தையின் மகள்தான் இப்போது ஓடி வருகிறாள்.

ஓடி வந்தாள், எம்பினாள், முறுக்கினாள். ஸ்டம்பு நடுவில் பறந்தது. கைதட்டினார்கள். கட்டைவிரல் பின்னால் போனது. கைதட்டுகிற யாருக்கும் தெரியவில்லையா? ஸ்ரீவத்சனுக்குத் தெரியவில்லையா? அவனுக்குத் தெரியாது, அவன் மட்டை பிடித்தவன், பந்து வருகிற பக்கத்திலிருந்து பார்த்தவன், பந்தை விடுகிற உடம்புக்குள்ளிருந்து பார்த்தவன் இல்லை. எளிதான வழி ஒன்று இருந்தது. தேர்வாளர் யாராவது ஒருவர் சந்தேகம் சொன்னால் போதும், அறக்கட்டளைக்காரர்களே செலவு செய்து முதுகை ஸ்கேன் எடுப்பார்கள், அதற்கென்று மூலையில் மேஜை போட்டு ஒரு டாக்டர் பையனையே உட்காரவைத்திருந்தார்கள். சிவப்புச் சாயம் மாதிரிதான் அதுவும். ஆனால் ஸ்கேன் கேட்டால் முடிவு வருகிறவரை இடம் நிற்காது, இந்த வருஷச் சேர்க்கை இந்த வாரத்தோடு மூடிவிடும், அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிவிடும். விடுதி, சாப்பாடு, காலேஜ் படிப்பு, பயிற்சி, அப்புறம் மாநில அணி, அதற்கப்புறம் ரயில்வேயிலோ பாங்க்கிலோ வேலை, எல்லாம் ஒரு கை தூக்கலில் போய்விடும். கை தூக்குகிறது யார்? தணிகாசலம். யாருடைய பேத்திக்கு? எல்லோர் முகமும் இந்தப் பக்கம் திரும்பும், ஸ்ரீவத்சன் அந்தச் சிரிப்புச் சிரிப்பான், முனிரத்தினம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்புறம் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? அவர் கண் தப்பாகப் பார்த்திருந்தால்? தப்பாகப் பார்த்திருக்கிறதே, பக்கத்து மெஷின்காரனையே தப்பாகப் பார்த்த கண்தானே இது. அவனுக்கு நாளைக் கட்டத்தில் நூற்றுக்கு நூறு போட்டு வைத்திருந்தவர்தானே. மனுஷன் முறிவதற்கு முன்னால் மெஷின் மாதிரிச் சத்தம் மாறுவதில்லை. இல்லை, மாறியிருக்கும், கஞ்சித்தொட்டிக்கு அவன் வருவது குறைந்திருந்தது, கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்றான், அந்த வீட்டில் அப்போது அடுப்பு எரிந்திருக்காது. சீ, இதையெல்லாம் எதற்கு இப்போது. இது பந்து. இது முதுகு. இந்தப் பெண்ணின் முதுகு முறியுமா முறியாதா, அவ்வளவுதான் கேள்வி. முறியும். ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. அறக்கட்டளைப் பயிற்சியில் நாளெல்லாம் வீசவைப்பார்கள், அமுக்கும், விடும், அமுக்கும், விடும். பத்தொன்பது வயசில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சின்னப் பெண், நாளைக்குப் பிள்ளை சுமக்க வேண்டிய இடுப்பு. அவரே ஆண்பிள்ளை, அவருக்கே ராத்திரியில் அது என்னவெல்லாம் செய்தது.

இடைவேளை விட்டார்கள். டிரம்மில் மோர் வைத்திருந்தார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்றன. தணிகாசலம் எழுந்து, கை, தலை, முதுகு, டீ மேஜைப் பக்கம் நடந்தவர், வழியில் அவளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அவளோடு பேசக்கூடாது என்று தீர்மானத்தில் இல்லை. தீர்மானம் வேனில் ஏறினவனுக்குத்தான், அப்போது பிறக்காத பிள்ளைக்கு இல்லை. கிட்டத்தில் போனபோது வலித்தைலம் வாடை அடித்தது, காரமாக. "முதுகு வலிக்குதா?" அவள் மோரை வாயிலிருந்து எடுத்தாள். கண் ஒரு தடவை வேலிப்பக்கம் போய் வந்தது. "இல்ல சார்." "தைல வாடை அடிக்குது." "அது தாத்தாவோட கை சார். அவருக்கு முட்டி வலி. அவருதான் பேக் தூக்கினு வந்தாரு." "கைய எதுக்குப் பின்னால கொண்டுபோற?" "பேன்ட் லூஸ் சார். அக்காவோடது." ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மூன்று பதிலும் பிடித்துவைத்த கொழுக்கட்டை மாதிரி தயாராக இருந்தன. இதுவும் பிரசுரம் படித்த மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. "அக்கா பேன்ட்டா?" "ஆமா சார்." பிறகு அவளாகவே, பயமும் திமிருமாக, "சார், நான் எத்தினி ஓவர் வேணா போடுவேன் சார். இப்ப போடச் சொன்னாலும் போடுவேன்" என்றாள். இந்தக் குரல் அவருக்குத் தெரியும். வேலை கேட்டு நிற்கிற எல்லோருக்கும் இந்தக் குரல்தான், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நிற்பேன், எவ்வளவு வேண்டுமானாலும் தூக்குவேன். இவள் சொல்லமாட்டாள். அந்த வீட்டில் உண்மை தெரிந்தவன் ஒருவன்தான், தைலம் தேய்த்துவிடுகிறவன். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ராத்திரி அழுகிறாளா? மூன்று சொல்கூட வேண்டாம். அதற்குத் தலையை ஆட்டினால் போதும், அப்புறம் ஸ்கேன் கேட்பதும் கை தூக்குவதும் பகையாகாது, அவனே சொன்னதாகிவிடும்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் வந்தான். வேலியைச் சுற்றிக்கொண்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, செருப்பை ஷாமியானாவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தான். மைதானத்தில் யார் செருப்பைக் கழற்றுவார்கள்? டீ மேஜைக்கு இரண்டு அடி தள்ளி நின்றான். தணிகாசலத்தின் கையில் டம்ளர் சுட்டது. கிட்டத்தில் பார்த்தால் அந்த முகத்தில் பாதிப் பல் இல்லை. "ஐயா" என்றான், பிறகு அதை மாற்றி, "அண்ணே" என்றான், "ஒரு வார்த்த." இதோ வந்துவிட்டான், சிபாரிசுக்கு. அன்றைக்கு முதலாளி ரூமில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பானே அதே மாதிரி இன்றைக்கும் நிற்கிறான், என் பேத்தி, பார்த்துப் போடுங்க என்பான், காலில்கூட விழுவான். அந்தப் பக்கம் ஸ்ரீவத்சன் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவேண்டிய கேள்வி நாக்கின் நுனியில்தான் இருந்தது. ராத்திரி அழுகிறாளா. ஆனால் இவனோடு முதல் சொல்லைப் பேசுகிறவன் இவன் கேட்டு வந்ததற்குப் பதில் சொன்னவனாக ஆகிவிடுவானே. முப்பது வருஷத்தை ஒரு டம்ளர் டீ நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில், எல்லோரும் பார்க்க. எழவு வீட்டில்கூடத் திறக்காத பூட்டு. உடம்பு அதற்குள் தானாகவே பழக்கத்தைச் செய்துவிட்டிருந்தது. குதிகால் திரும்பியது, தோள் திரும்பியது, வெள்ளைச் சட்டை போட்ட முதுகு முனிரத்தினத்துக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. பின்னால் மூச்சுவிடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் செருப்பு மாட்டுகிற சத்தம்.

அட்டையில் அவள் பெயருக்கு நேராக இரண்டு கட்டமும் காலியாக இருந்தன. இன்று என்பதில் எண்பத்தெட்டு என்று எழுதினார், அதில் சந்தேகமே இல்லை, முதலாளியே வந்து கேட்டாலும் எண்பத்தெட்டுத்தான். நாளையில் பேனாவை வைத்து எடுத்தார். முப்பது. அதுதான் கண் சொல்வது. முப்பது என்று போட்டால் ஒலிபெருக்கியில் தணிகாசலம் முப்பது என்று படிப்பார்கள். ஸ்ரீவத்சன் பிரியாணிக் காசு மிச்சம் என்பான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சுப் போகும், கிழவன் பழி வாங்கிவிட்டான், முப்பது வருஷம் கழித்துச் சின்னப் பெண்ணிடம் வாங்கினான் என்று. அவர் வாழ்க்கையில் வாங்காத ஒரே பொருள் பழி. வாய்ப்பூட்டு பழி இல்லை, அது ஒழுங்கு. இந்த வித்தியாசம் ஸ்ரீவத்சனுக்குப் புரியுமா? யாருக்குப் புரியும், புரிகிறவர்களெல்லாம் மொய் எழுதிவிட்டு வந்தவர்கள். ஐம்பது போடலாமா? ஐம்பது போடுவது கோழைத்தனம், ஐம்பதும் ஒதுக்குகிற மதிப்பெண்தான், பெயர்தான் வேறு. ஒதுக்கினால் மட்டும் முதுகு பிழைத்துவிடுமா? தெருவில் டென்னிஸ் பந்து டோர்னமென்டில் வீசுவாள், கப்புக்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் வீசி முறித்துக்கொள்வாள், பார்க்க டாக்டர்கூட இருக்கமாட்டான். அறக்கட்டளையில் டாக்டர் இருக்கிறான், கோச் இருக்கிறான், அவர்கள் கண்டுபிடிக்கமாட்டார்களா, சரிசெய்யமாட்டார்களா. மாட்டார்கள். அவ்வளவு வேகத்தைக் கொடுக்கிற முறுக்கை யார் கை வைத்துச் சரிசெய்வான், ஜெயிக்கிறவரைக்கும் தொடமாட்டான். இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டார், வழுக்குகிற இடத்தில் கிடைத்த கயிற்றைப் பிடிக்கிற மாதிரி. எவனும் விரல் நீட்ட முடியாத ஒரு நம்பர் வேண்டும். தணிகாசலம் எப்படிப்பட்ட ஆள் என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் மைதானமே தெரிந்துகொள்ளவேண்டும், முனிரத்தினமும் தெரிந்துகொள்ளவேண்டும், நீ அன்றைக்கு வேனில் ஏறினாய், நான் இன்றைக்கும் நியாயத்தில் நிற்கிறேன் பார் என்று. பேனா இறங்கியது. தொண்ணூற்றிரண்டு. ஸ்ரீவத்சனைவிட இரண்டு கூட. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகி, கேட் முன்னால் பேசி முடித்துக் கீழே இறங்குகிறபோது வருமே அந்தச் சுகம் வந்தது. அது அடங்கின பிறகு, வெகு தூரத்தில், சத்தம் மாறினது மாதிரி என்னமோ ஒன்று கேட்டது. அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

வெயில் சாய்ந்தபோது படித்தார்கள். மோனிஷா, கொரட்டூர். ஸ்ரீவத்சன், தொண்ணூறு, தொண்ணூறு. தணிகாசலம், எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு. தேர்வு. மைதானம் முழுக்கக் கைதட்டல், அது அந்தப் பெண்ணுக்கு மட்டும் தட்டினது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. "சார், மன்னிச்சுக்கோங்க" என்று ஸ்ரீவத்சன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். "நான் சின்னத்தனமா பேசிட்டேன். பெரிய மனசு சார் உங்களுக்கு. பிரியாணி நிச்சயம்." கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்கள். மூலையில் டாக்டர் பையன் மேஜையை இன்னும் மடக்கவில்லை, போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கார் வருகிற பக்கமாக நடந்த தணிகாசலத்துக்கு எதிரே முனிரத்தினம் நின்றான். இந்தத் தடவை செருப்போடு. அவர் திரும்புவதற்குள் பேசிவிட்டான்.

"தோழரே. அப்டிக் கூப்பிட எனக்கு வாய் கெடையாது, தெரியும். நீங்க பேச வேணாம். உங்க ஒழுங்கு எனக்குத் தெரியாததா. நான் சொல்லிட்டுப் போயிட்றேன். காலையில நீங்க டீ குடிக்கசொல்லோ வந்தனே, சிபாரிசுக்கு வரல தோழரே. பேத்திக்கு ரெண்டு மாசமா முதுகு. ராவுல புரண்டு படுக்க முடியாம அழுவுது, செவுத்தப் புட்ச்சிக்கினுதான் எந்திரிக்குது. யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட தலையில அடிச்சு சத்தியம் வாங்கிச்சு. எனக்கு மனசு கேக்கல. உங்களாண்ட மட்டும் சொல்லிட்டா நீங்க பாத்து, வேணாம்னா வேணாம்னு போட்ருவீங்க, உங்களுக்கும் இதே மாதிரிதான ஆச்சு, அப்டின்னுதான் வந்தேன். நீங்க திரும்பிக்கினீங்க. சரி, அவுரு கண்ணுக்குத் தெரியாததா, அவுரே பாத்துக்குவாருன்னு போயிட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை, பல் இல்லாத வாய்க்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. "வேண்டப்பட்டவன் எவனாவது தொண்ணூறு போட்டிருந்தா நான் நம்ப மாட்டேன் தோழரே. எனக்கு ஆகாதவரு நீங்க. ஆகாதவரே போட்டுக்கீறீங்கன்னா அது உண்மைதான். நல்லதோ கெட்டதோ, பொய்னு ஒண்ணு உங்க வாயில வந்ததில்ல. இனிமே ராவுல அது அழுதா, ஒண்ணும் இல்ல கண்ணு, தணிகாசலம் பாத்துட்டாரு, தைரியமா போடுன்னு சொல்லுவேன்."

தணிகாசலத்தின் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் காற்றுத்தான் இருந்தது. ஐம்பது அடி தூரத்தில் டாக்டர் பையன் மேஜையின் ஒரு காலை மடக்கினான். இல்லை முனிரத்தினம், என்று தொடங்க வேண்டும். பெயரை முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை முப்பது வருஷமாக நாக்கு புழங்கவில்லை, அதன் முதல் எழுத்துக்கு உதடு சேர்ந்தது, சேர்ந்த உதடு அப்படியே நின்றது. ஸ்ரீவத்சன் காருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "வாங்க சார்" என்றான். இப்போது சொன்னால் காலையில் தெரிந்தே எழுதினதாகத்தானே ஆகும். பொய் வராத வாய் என்றானே, அந்த வாயாலேயே, அவன் முகத்துக்கு நேராகவே, பொய் எழுதினேன் என்று சொல்லவேண்டும். டாக்டர் பையன் மேஜையின் இரண்டாவது காலையும் மடக்கினான். முனிரத்தினம் அந்த வாயைப் பார்த்தான். முப்பது வருஷம் காத்திருந்த ஆள், அது எதற்குத் திணறுகிறது என்று தனக்குத் தோன்றினபடி புரிந்துகொண்டான். "வேணாம் தோழரே, கஷ்டப்படாதீங்க" என்றான் மெதுவாக. "எனக்காவ நீங்க வாக்கு மாற வேணாம்." கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் வேலியோரம் அந்தப் பெண் நாலைந்து பிள்ளைகளுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தவள், பெரிய பையைத் தூக்கக் குனிந்தாள். குனிந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். இடது கை நீண்டு வேலிக்கம்பியைத் தேடிப் பிடித்தது. முதலில் கை, அப்புறம் தலை, கடைசியில் முதுகு. தணிகாசலம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குதிகால் திரும்ப, தோள் திரும்ப, தன் பழக்கப்படி முதுகைக் காட்டி நின்றார்.